அக்கா மகனின் நோவாவுக்கு எந்தக் கேம் ஷாஃப்ட்?

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் 1972 மாடல் செவர்லே நோவா ஒன்றை வாங்கியிருக்கிறான். இரண்டு கதவு, 350 கன அங்குல வி8 எஞ்சின், டர்போ ஹைட்ராமேட்டிக் 350 என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். இந்த வண்டியில் அவன் வாரத்தில் பாதி நாள் ஆபீஸ் போவான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளையோடு பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போவான். டெக்சாஸ் வெயிலில் ஏசி இல்லாமல் முடியாது. அதே சமயம், சிக்னலில் பச்சை விழுந்து மிதித்தால் வண்டி சீறிக்கொண்டு கிளம்பவும் வேண்டும். இத்தனைக்கும் ஒத்துவருகிற கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு) எது, டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெயால் இணைப்பது) எது என்று மன்னார்குடியில் பட்டறை வைத்திருக்கும் என்னைக் கேட்டான். பல ராத்திரி போனில் பேசிப் பேசித்தான் முடிவுக்கு வந்தோம். அந்தப் பேச்சில் வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். அங்கே பழைய வண்டி வாங்கி வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உபயோகப்படும்.

மன்னார்குடியில் இருப்பவனுக்கும் அமெரிக்க வி8 எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். பட்டறை அப்பா ஆரம்பித்தது. நீடாமங்கலம், கூத்தாநல்லூர் பக்கத்து மிராசு வீடுகளில் நின்ற செவர்லே, டாட்ஜ் வண்டிகள் அவர் கைக்குத்தான் வரும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் கார் பூட்ட ஆரம்பித்து 1954-ல் நிறுத்திக்கொண்டது. செவர்லேயின் பேர்பெற்ற ஸ்மால் பிளாக் வி8 அமெரிக்காவில் வந்ததே 1955-ல். அதனால் அப்பா பிரித்துப் பார்த்த செவர்லேக்கள் எல்லாம் ஆறு சிலிண்டர்தான். அவற்றிலும் பல, பெட்ரோல் விலை ஏறிய பிறகு டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்டுவிட்டன. நான் கற்றது பெரும்பாலும் அம்பாசடரில். 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் 5.7 லிட்டர் வி8-ம் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டிலும் கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது. அதன் முட்டு மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் தட்டை டேப்பெட், அதற்கு மேல் புஷ்ராட், ராக்கர், வால்வ். அந்த முட்டுக்கு லோப் என்று பேர். கேம் எப்படித் தேயும், ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன ஆகும், டைமிங் ஒரு பல் தவறினால் எஞ்சின் எப்படிப் பேசும் என்பதெல்லாம் இரண்டுக்கும் பொது.

முதல் நாளே அவன் ஒரு கேமைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் பேசினான். காம்ப் கேம்ஸ் கம்பெனியின் எக்ஸ்இ284 என்ற கேம். அது போட்ட வண்டி ஐட்லிங்கில் நிற்கும் வீடியோவை அனுப்பினான்.

“மாமா, இந்தச் சத்தத்தக் கேளுங்க. நின்ன இடத்துலயே குதிக்குது பாருங்க.”

“கேட்டேன் மாப்ள. நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ வண்டிய நிறுத்தி வச்சு சத்தம் கேக்கப் போறியா, ஓட்டப் போறியா?”

அந்தத் துள்ளல் சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டால் கேம் தேர்வில் பாதி வேலை முடிந்தது. எக்ஸாஸ்ட் வால்வ் முழுசாக மூடும் முன்பே இன்லெட் வால்வ் திறக்க ஆரம்பித்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஓவர்லேப் என்று பேர். வேகமாகச் சுற்றும்போது, வெளியே போகிற புகையின் உந்துதல் புதுக் காற்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அப்போது ஓவர்லேப் லாபம். ஐட்லிங்கில் அந்த உந்துதல் கிடையாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டில் வேக்குவம் இருப்பதால் எரிந்த புகை பின்னால் திரும்பி இன்லெட்டுக்குள் ஏறும். அடுத்த தடவை உள்ளே வருவது புகை கலந்த காற்று, சரியாகப் பற்றாது. ஒரு சிலிண்டர் பற்றும், ஒன்று பாதி பற்றும். அதுதான் அந்தத் துள்ளல். எக்ஸ்இ284-ல் கம்பெனிக் கணக்குப்படி ஓவர்லேப் 70 டிகிரி. நாங்கள் கடைசியில் எடுத்ததில் 46.

கேமோடு வரும் விவர அட்டையில் எண்கள் நிறைய இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் லிஃப்டைப் பார்த்துத்தான் மயங்குவார்கள்: வால்வ் எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பது. ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு அதைவிட முக்கியம், வால்வ் எத்தனை டிகிரி கிராங்க் சுற்றும் வரை திறந்திருக்கிறது என்பது. இதை இரண்டு விதமாக எழுதுவார்கள். டேப்பெட் லேசாக அசைய ஆரம்பித்ததிலிருந்து கணக்கிடுவது ஒன்று; அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேப்பெட் 0.050 அங்குலம் ஏறியதிலிருந்து, அதே உயரத்துக்கு இறங்கும் வரை கணக்கிடுவது இன்னொன்று. இரண்டு கம்பெனிக் கேம்களை ஒப்பிட வேண்டுமானால் இந்த 0.050 கணக்கை மட்டும் பாருங்கள். நோவா எஞ்சினில் பல வருஷம் கம்பெனியே போட்ட சாதாரணக் கேமில் அது இன்லெட்டுக்கு 195 டிகிரி, எக்ஸாஸ்டுக்கு 202. அவன் ஆசைப்பட்ட எக்ஸ்இ284-ல் 240, 246.

இந்த டிகிரி கூடக் கூட, இன்லெட் வால்வ் மூடுவது தள்ளிப் போகும். என் கணக்கில் கேம் தேர்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அவனுக்கு இதை விளக்க நான் வயலைத்தான் எடுத்தேன். பள்ளிக்கூட லீவுக்கு வந்தால் தாத்தாவோடு பாமணி ஆற்றுப் பாசன வயலுக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வரும்போது வாய்மடையைக் கொஞ்சம் தாமதமாக அடைத்தாலும் நஷ்டமில்லை. ஓட்டத்தின் வேகமே இன்னும் கொஞ்சம் தண்ணீரை வயலுக்குள் தள்ளும். வாய்க்காலில் மட்டம் இறங்கிய பிறகும் அடைக்காமல் விட்டால், வயலில் கட்டிய தண்ணீரே திரும்பி வாய்க்காலுக்கு வடிந்துவிடும். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வர ஆரம்பித்த பிறகும் இன்லெட் வால்வ் கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும். 5000 ஆர்பிஎம்மில் காற்றின் ஓட்டத்துக்கு வேகம் இருக்கிறது. பிஸ்டன் எதிரே வந்தாலும் உள்ளே திணிந்துகொண்டே இருக்கும். 1200 ஆர்பிஎம்மில் அந்த வேகம் கிடையாது. உள்ளே வந்த காற்றையே பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். மீதியிருப்பதைத்தான் அமுக்க வேண்டும்.

எக்ஸ்இ284-ல் இன்லெட் மூடுவது, பிஸ்டன் அடிமட்டம் தாண்டி 68 டிகிரி கிராங்க் சுற்றிய பிறகு. நாங்கள் கடைசியில் எடுத்த எக்ஸ்இ262-ல் 57. பார்க்கப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) குறைவான எஞ்சினில் அந்த 11 டிகிரி கீழ் ஆர்பிஎம் இழுவையைப் பிடுங்கிவிடும். 1972 நோவாவில் கம்ப்ரஷன் குறைவுதான். ஈயம் குறைந்த பெட்ரோலில் ஓட வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் 1971-லேயே தன் எஞ்சின்களின் கம்ப்ரஷனை இறக்கியது. இவன் வண்டியின் இரண்டு பேரல் கார்புரேட்டர் எஞ்சினில் 8.5-க்கு 1. குதிரைத்திறன் 165. அந்த 165-ஐப் பார்த்து எஞ்சின் சோப்ளாங்கி என்று நினைக்க வேண்டாம். 1972-லிருந்துதான் சைலன்சர், ஃபேன், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்து எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தைய விளம்பர எண்கள் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தி அளந்தவை.

எக்ஸ்இ284 வேலை செய்யும் எல்லை 2300-லிருந்து 6500 ஆர்பிஎம் என்று கம்பெனியே சொல்கிறது. அவன் வண்டியின் பின் ஆக்ஸில் 3.08 (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.08 சுற்றுச் சுற்ற வேண்டும்), டயர் உயரம் 26 அங்குலம். மூன்றாவது கியரில் 2300 ஆர்பிஎம் வர வண்டி மணிக்கு 58 மைல், அதாவது 93 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்குக் கீழே டாப் கியரில் எங்கே ஓட்டினாலும் எஞ்சின் தன் எல்லைக்கு வெளியேதான் ஓடும்.

“நீ எந்த ஆர்பிஎம்ல ஓட்டுற, தெரியுமா?” என்று கேட்டேன். தெரியவில்லை. ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் ஒன்றை மாட்டி, ஆபீஸ் போய் வரும்போது முள் எங்கே நிற்கிறது என்று கவனித்துச் சொல் என்றேன். இதைக் கேம் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். மனதில் நாம் ஓட்டுகிற வண்டியும் ரோட்டில் ஓட்டுகிற வண்டியும் ஒன்றாக இருப்பதில்லை. அவன் சொன்ன பதில்: பெரும்பாலும் 1000-லிருந்து 2600-க்குள். மிதித்த நேரத்தில்தான் 4500. அதற்கு மேல் அபூர்வம்.

எனக்கு இது ஆச்சரியமில்லை. அறுவடை இயந்திரங்கள் சம்பா முடியும் சமயத்தில் பட்டறை வாசலில் வரிசை கட்டி நிற்கும். அவற்றோடு வேலை செய்தவனுக்கு, கீழ் ஆர்பிஎம் இழுவைதான் நாள் முழுக்கச் சோறு போடுகிறது என்று தெரியும். நெல் சுமையோடு கொள்முதல் நிலையத்துக்கு மண்சாலையில் ஏறுகிற டிராக்டரில் குதிரைத்திறனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்; இழுக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ரோட்டில் ஓட்டுகிற காருக்கும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

கடைசியில் மூன்று கேம்கள் மிஞ்சின. எக்ஸ்இ256: 0.050 கணக்கில் 212, 218. எக்ஸ்இ262: 218, 224. எக்ஸ்இ268: 224, 230. மூன்றுக்கும் லோப் செபரேஷன், அதாவது இன்லெட் லோப் உச்சிக்கும் எக்ஸாஸ்ட் லோப் உச்சிக்கும் நடுவில் உள்ள கோணம், 110 டிகிரிதான். அதனால் டிகிரி கூடக் கூட ஓவர்லேப் 42, 46, 54 என்று ஏறுகிறது. ஆக்ஸிலும் கன்வெர்ட்டரும் பழையபடியே இருக்கட்டும் என்று அவன் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 256-ஐ எடுக்கச் சொல்லியிருப்பேன். 268 நல்ல கேம், ஆனால் 9.5 கம்ப்ரஷன் இருந்தால் நன்றாகப் பேசும். அவனுக்கு ஆக்ஸிலை மாற்றவும் கன்வெர்ட்டர் வாங்கவும் மனசு இருந்தது. ஐட்லிங்கில் லேசான துள்ளலாவது வேண்டும் என்ற ஆசையும் நியாயமானது. 350 வி8 வாங்கிவிட்டு அது தையல் மெஷின் சத்தம் போட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 262 என்று முடிவு செய்தோம். 1300-லிருந்து 5600 வரை அதன் எல்லை. டாக்கோமீட்டர் சொன்னதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. இரண்டு கேமுக்கு நடுவில் மனம் ஆடினால் சின்னதையே எடுங்கள் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சின்னக் கேம் போட்டவன் மேலே 300 ஆர்பிஎம் இழப்பான். பெரிய கேம் போட்டவன் தினமும், ஒவ்வொரு சிக்னலிலும் இழப்பான்.

பிரேக்கையும் நினைக்க வேண்டும். நோவாவில் இருப்பது வேக்குவம் பூஸ்டர், எஞ்சினின் வேக்குவத்தை வைத்து மிதிக்கு உதவுவது. பெரிய கேம் போட்டால் ஐட்லிங் வேக்குவம் விழும். நெரிசலில் அடுத்தடுத்து மிதித்தால் மிதி கட்டையாகும். குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற வண்டியில் இதற்கு இடம் கொடுக்கவே கூடாது.

கேமோடு சேர்த்து மாற்ற வேண்டியவை உண்டு. டேப்பெட் புதிது, பழைய டேப்பெட்டைப் புதுக் கேம் மேல் வைக்கவே கூடாது. டைமிங் செயின் செட் புதிது. வால்வ் ஸ்பிரிங் புதிது. 262-ல் லிஃப்ட் 0.462 அங்குலம், லோப் தூக்குவது 0.308, அதை ராக்கர் ஒன்றரை மடங்காக்குகிறது. 0.390, 0.410 லிஃப்டுக்காகச் செய்த பழைய ஸ்பிரிங் இதைத் தாங்காது. வால்வ் முழுசாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் மேல் மூடியான ரிடெய்னர், வால்வ் தண்டைச் சுற்றியிருக்கும் கைடு சீலில் இடிக்கிறதா என்றும் அளந்து பார்க்க வேண்டும். ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங் மாற்றலாம்: ஸ்பார்க் பிளக் துளை வழியாக நைலான் கயிறைச் சிலிண்டருக்குள் சுருட்டி விட்டு, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். கயிற்றின் ஒரு முனை மட்டும் வெளியே இருக்கட்டும். அடியில் உருளை வைத்த ரோலர் டேப்பெட் கேம் நல்லதுதான். 1972 பிளாக்கில் அதைப் போட இன்னும் பல சாமான் மாற்ற வேண்டும், செலவு பல மடங்கு. விட்டுவிட்டோம்.

இனி கன்வெர்ட்டர். இதில்தான் தவறான பேச்சு அதிகம் உலவுகிறது.

டார்க் கன்வெர்ட்டருக்குள் மூன்று சக்கரங்கள். எஞ்சினோடு சேர்ந்து சுற்றி எண்ணெயை வீசுவது பம்ப். அந்த எண்ணெயை வாங்கிக் கியர்பாக்ஸைச் சுற்றுவது டர்பைன். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், டர்பைனிலிருந்து திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி மறுபடி பம்ப்புக்கு உதவும்படி அனுப்புகிறது. ஸ்டேட்டர் ஒரு பக்கம் மட்டுமே சுற்றும். எதிர்ப் பக்கம் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டி நிற்கும்போது திருப்புவிசை பெருகுகிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும் கணத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை பெருகும். டர்பைன் வேகம் பிடிக்கப் பிடிக்க இது குறைந்து, கடைசியில் மூன்றும் சேர்ந்து சுற்றும்.

டர்பைனை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம் வரை ஏறி நிற்கிறதோ அதுதான் ஸ்டால் வேகம். கம்பெனி கன்வெர்ட்டரில் அது குறைவு. கேம் 1300-க்கு மேல்தான் விழிக்கும் என்றால், ஸ்டால் வேகம் அதைத் தாண்டியிருக்க வேண்டும்; அப்போதுதான் மிதித்ததும் எஞ்சின் தன் இழுவைக்குள் நேராகப் போய் உட்காரும். கேமுக்குப் பிறகுதான் கன்வெர்ட்டர் என்று நான் சொல்வது இதனால்தான். வரிசையை மாற்றினால் ஒன்று மற்றதற்குத் தடையாகும்.

“3000 ஸ்டால் போட்டா 3000 வர்ற வரைக்கும் வண்டி நகராதாமே மாமா?” என்று கேட்டான். அது பொய். பிரேக்கை விட்டால் ஐட்லிங்கிலேயே நகரும். மெதுவாக மிதித்தால் மெதுவாகப் போகும். ஆனால் ஸ்டால் அதிகமான கன்வெர்ட்டர் சாதாரண ஓட்டத்திலும் கூடுதலாக வழுக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் எஞ்சின் முதலில் ரேஸ் ஆகும், வண்டி பின்னால் வரும். தினமும் ஓட்டினால் அது சலிப்புத் தட்டும். வழுக்குவது முழுக்கச் சூடாக மாறி எண்ணெயில் இறங்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொல்வது சூடுதான்.

இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை. கன்வெர்ட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் ஸ்டால் எண், அந்தக் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமான எண் கிடையாது. எஞ்சினின் திருப்புவிசை கூடினால் அதே கன்வெர்ட்டரின் ஸ்டாலும் ஏறும். திருப்புவிசையின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறும். 250 பவுண்டு-அடி தருகிற எஞ்சினுக்குப் பின்னால் 2000-ல் நிற்கிற கன்வெர்ட்டர், 360 பவுண்டு-அடி தருகிற எஞ்சினுக்குப் பின்னால் 2400 வரை போகும். ஆகவே நண்பன் வண்டியில் நன்றாக ஓடியது என்பதற்காக அதையே வாங்கக் கூடாது. நல்ல கன்வெர்ட்டர் செய்பவர்கள் உங்களிடம் கேள்வி கேட்பார்கள்: வண்டி எடை என்ன, ஆக்ஸில் என்ன, டயர் உயரம் என்ன, கேம் அட்டையில் என்ன எண், கம்ப்ரஷன் என்ன. ஒன்றும் கேட்காமல் 3000-ஐ எடுத்து நீட்டுகிற இடத்தில் வாங்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

ஆக்ஸிலை 3.08-லிருந்து 3.42-க்கு மாற்றினான். கிரவுன் பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி) வைப்பது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அங்கேயே ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டான். முதல் கியர் 2.52 என்பதால், கியரும் ஆக்ஸிலும் சேர்ந்த பெருக்கம் 7.76-லிருந்து 8.62 ஆனது. ஒன்றரை டன் வண்டி கிளம்புவதில் இதை உடனே உணரலாம். 60 மைல் வேகத்தில் எஞ்சின் முன்பு சுமார் 2400 ஆர்பிஎம் சுற்றியது, இப்போது 2650 சுற்றும். டர்போ 350-ல் எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் ஓவர் டிரைவ் கியர் கிடையாது, அந்தக் கால கன்வெர்ட்டரில் வழுக்காமல் பூட்டும் லாக்-அப் கிளட்சும் கிடையாது. அதனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்றும் வேகம், ஸ்டால் வேகத்துக்கு மேலே இருக்கட்டும் என்று பார்த்தேன். ஸ்டால் 2650-க்குக் கீழே, 1300-க்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்; தெருவில் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். 2200-லிருந்து 2400-க்குள் கேட்டு வாங்கச் சொன்னேன். கூடவே ரேடியேட்டருக்கு வெளியே தனி எண்ணெய்க் கூலர் ஒன்று, எண்ணெய்ச் சூடு காட்டும் மீட்டர் ஒன்று. இந்த இரண்டையும் செலவைக் குறைக்க என்று தள்ளிப்போட வேண்டாம்.

கார்புரேட்டரைச் சீக்கிரமே சொல்லி முடித்துவிடுகிறேன். இரண்டு பேரலை எடுத்துவிட்டு, காற்றுப் பாதை இரண்டு தளமாகப் பிரிந்த டூயல் பிளேன் மேனிஃபோல்டும் 600 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 600 கன அடி காற்று) ஹோலி கார்புரேட்டரும். 350 கன அங்குலம் 5500 ஆர்பிஎம்மில் விழுங்குகிற காற்று கணக்குப்படி 557 சிஎஃப்எம். 750 தேவையில்லை.

கேம் பூட்டிய அன்று எனக்கு ராத்திரி, அவனுக்குக் காலை. போனை ஃபெண்டர் மேல் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்தான். டைமிங் சக்கரங்களில் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று நினைத்தான். நான் விடவில்லை. டிகிரி தட்டைக் கிராங்கில் மாட்டி, டயல் கேஜை முதல் சிலிண்டர் இன்லெட் டேப்பெட் மேல் நிறுத்தச் சொன்னேன். லோப் உச்சிக்கு 0.050 அங்குலம் முன்னால் ஒரு டிகிரி, உச்சி தாண்டி அதே 0.050 இறங்கும்போது ஒரு டிகிரி, இரண்டுக்கும் நடுதான் இன்லெட் சென்டர்லைன். அட்டையில் இருப்பது 106. செயினும் சாவியும் செய்யும்போது வரும் சிறு பிசகு எல்லாம் இங்கேதான் வெளியே தெரியும். அவனுக்கு 107 வந்தது. அப்படியே இருக்கட்டும் என்றேன். முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே, “இப்பத்தான் மாமா எனக்குக் கேம்னா என்னன்னே புரியுது” என்றான். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துபோனது.

முதல் ஸ்டார்ட்தான் தட்டை டேப்பெட் கேமின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. லோபுக்கு லேசான சரிவும் டேப்பெட் அடிப்பகுதிக்கு லேசான குவிவும் கொடுத்திருப்பார்கள். டேப்பெட் தன் குழியில் சுற்றிக்கொண்டே ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக. சுற்றாத டேப்பெட் தன் லோபைச் சீக்கிரமே வழித்து எடுத்துவிடும். லோபுக்கு எண்ணெய் போவது பெரும்பாலும் கிராங்க் சுற்றித் தெறிப்பதால்தான். ஐட்லிங்கில் அது போதாது. ஆகவே முதல் ஸ்டார்ட்டில் எஞ்சினை ஐட்லிங்கில் விடவே கூடாது. பிடித்ததும் 2000-க்குக் கொண்டுபோய், 2000-க்கும் 2500-க்கும் நடுவில் ஏற்றி இறக்கி 20 நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதற்காக முன்கூட்டியே கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பி, இக்னிஷன் டைமிங்கைச் சரியாக வைத்து, லோப் ஒவ்வொன்றிலும் கேமோடு வரும் பசையைத் தடவி, எண்ணெயை டிரில்லால் பம்ப் சுற்றி மேலே ஏற்றிவிட வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் தடவியது எல்லாம் வழிந்துவிடும்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். இன்றைய பெட்ரோல் கார் எண்ணெய்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சரக்கைக் குறைத்துவிட்டார்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக. ரோலர் டேப்பெட் வண்டிக்கு அது போதும். தட்டை டேப்பெட்டுக்குப் போதாது. பழைய வண்டிகளுக்கென்றே துத்தநாகம் அதிகம் வைத்த எண்ணெய் அங்கே கிடைக்கிறது. முதல் ஓட்டத்துக்கு மட்டும் என்றில்லை, எப்போதும் அதையே ஊற்று என்றேன். இங்கே அம்பாசடருக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

வண்டி ஓடுகிறது. இக்னிஷன் டைமிங்கை ஐட்லிங்கில் 14 டிகிரி முன்னால் வைத்திருக்கிறோம், ஓவர்லேப் கூடிய கேமுக்கு அது பிடிக்கும். நியூட்ரலில் 800 ஆர்பிஎம், வேக்குவம் 15 அங்குலம். கியரில் போட்டு ஏசி ஓடும்போது 13. பிரேக் மிதி மிருதுவாக இருக்கிறது. ஹோலியில் வருகிற 6.5 பவர் வால்வே போதும்; வேக்குவம் அந்த எண்ணுக்குக் கீழே விழுந்தால் கூடுதல் பெட்ரோல் விடுவது அது. கியரில் இருக்கும் வேக்குவத்தில் பாதி என்பது வழக்கமான கணக்கு, அது அப்படியே அமைந்துவிட்டது. பின்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு துள்ளலும் இருக்கிறது. சிக்னலில் மிதித்தால் 2300-க்கு எகிறி அங்கிருந்து ஒரே இழுப்பு என்கிறான். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

பாக்கி இருப்பது எண்ணெய்ச் சூடுதான். இப்போது அங்கே குளிர்காலம். மீட்டர் 170 ஃபாரன்ஹீட்டிலேயே நிற்கிறது. ஆகஸ்டில் மாலை நெரிசலில் ஏசியோடு நிற்கும்போது முள் 200-ஐத் தாண்டினால் இருக்கிற கூலரைக் கழற்றிவிட்டு அடுத்த அளவு கூலரைப் போட வேண்டும். மாட்டுவதற்கு இடத்தை இப்போதே ரேடியேட்டர் முன்னால் அளந்து வைத்திருக்கிறான்.